ஐந்து நாற்பது மாத்திரை

இரண்டு வருடத்துக்கு முன் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தபோது, என்னிடம் படித்த பையன் ஒருவனின் அம்மா என்னைக் கேட்டார்: "டீச்சர், அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க. மூணாம் நாளே காய்ச்சல் விட்டுடுச்சு. மீதி மாத்திரைய என்ன பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "பத்திரமா எடுத்து வைம்மா, அடுத்த தடவைக்கு ஆகும்" என்றேன்.

முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் திருத்தியவள் நான். இந்தத் தப்பை அன்று எனக்குத் திருத்த யாரும் இல்லை. கீழே இருப்பவை எனக்கும் என் தம்பிக்கும் இடையே போன வருடம் போய் வந்த கடிதங்கள். தம்பி வேறொரு ஊரில் பெரிய மருத்துவமனை ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறான். நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது அவன் வேலை. அவனுக்குக் காது கேட்காது, ஆகவே ஃபோன் இல்லை. செல்பேசியில் செய்தி அனுப்பினால் "சரி" என்பதற்கு மேல் எழுதமாட்டான். கடிதத்தில்தான் அவன் வாய் திறக்கும். கடிதங்களில் வரும் அத்தான் என் கணவர். தம்பியின் சம்மதத்தோடு வெளியிடுகிறேன். வீட்டு வம்பு சிலவற்றை எடுத்துவிட்டேன். மற்றபடி ஒரு வரியையும் எனக்குச் சாதகமாக மாற்றவில்லை.

*

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன் முதுகு வலி தேவலையா? உன் வீட்டுக்காரி உன்னை இன்னும் நடக்கக் கூட்டிப் போகிறாளா, இல்லை அவளும் அலுத்துவிட்டாளா?

அத்தானுக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு. கையில் ஒரு சிறிய ஆபரேஷன் செய்து ரத்தக் குழாயைத் தயார் செய்திருக்கிறார்கள். அது பக்குவப்பட இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை கழுத்தில் செருகிய குழாய் வழியாகத்தான் ரத்தம் போய் வருகிறது.

பஸ் நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர் சும்மா படுத்திருப்பாரா? "ஏழு மணி வண்டிய ஏழு நாலுக்கு எடுக்கறீங்களே சிஸ்டர், மெமோ குடுக்கட்டுமா?" என்கிறார். அங்கே ஒரு கண்ணாடி சிஸ்டர் இருக்கிறாள். "குடுங்க சார். லேட்டா வந்த பயணி யாருன்னும் அதுல எழுதுங்க" என்கிறாள்.

அந்தப் பெண்தான் வாசலில் நின்று எல்லோர் அக்குளிலும் தெர்மாமீட்டர் வைப்பவள். காய்ச்சல் இருந்தால் கூடத்துக்குள் விடமாட்டாள். தனி அறை, ரத்தப் பரிசோதனை, பெரும்பாலும் வார்டில் சேர்க்கை. போன வாரம் ஒருவரை அப்படி அழைத்துப் போனார்கள். அத்தான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் பத்தொன்பது நாள் வார்டில் கிடந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் நடுவே கொஞ்சம் குளிர்ந்தது என்றார். வீட்டுக்கு வந்து போர்வை போர்த்தினேன், சரியாகிவிட்டது.

அன்புடன் அக்கா

*

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம். முதுகு அப்படியே இருக்கிறது, நடைதான் குறைந்திருக்கிறது.

குளிர் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் கடிதமே. கழுத்துக் குழாய் என்பது வெளியிலிருந்து நேரே ரத்தத்துக்குத் திறக்கிற கதவு. டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் வந்தால், குழாயில் ஒட்டியிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்குகிறது என்று முதலில் சந்தேகப்படவேண்டும். அடுத்த முறை குளிர்ந்தால் அங்கேயே, அப்போதே அந்த சிஸ்டரிடம் சொல்.

என் பாடு வழக்கம்போல. வார்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பாட்டிலில் அனுப்புவார்கள். பாட்டிலுக்குள் கிருமி வளர்வதற்கான சத்து நீர் இருக்கும். உடம்புச் சூட்டில் ஒரு மெஷினுக்குள் ஐந்து நாள் வைப்போம். ஏதாவது வளர்ந்தால் மெஷின் கத்தும், சிவப்பு விளக்கு எரியும். நேற்று நான் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், அது பத்து நிமிடமாகக் கத்துகிறதாம். "கட்டடமே அலறுது, பொறுப்பாளர் டீ குடிக்கிறாரு" என்று ஒரு பெண் தாளில் எழுதி என் முன்னால் வைத்தாள். இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நாற்காலியைத் திருப்பிப் போட்டதைப் படித்து அத்தானுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

குளிர் போன இடம் தெரியவில்லை. கவலைப்படாதே.

அவர் டயாலிசிஸ் நாட்களுக்கு ஒரு கால அட்டவணை எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். முத்து முத்தாக எழுத்து. ஐந்து பதினைந்து எழுந்திருத்தல். ஐந்து நாற்பது மாத்திரை. ஆறு பத்து சட்டை. ஆறு முப்பது வண்டி. ஆறு ஐம்பத்தைந்து வாசல். ஒரு நிமிடம் தவறினால் என்னிடம் விளக்கம் கேட்கிறார். "டீச்சர், அஞ்சு நாப்பத்திரண்டு ஆவுது. காரணம் எழுதிக் குடு" என்கிறார். வீடு டிப்போ ஆகிவிட்டது.

மாடிப் படியில் கைப்பிடி வைத்துவிட்டோம். உன் மகள் பரீட்சை எப்படி எழுதினாள்?

அன்புடன் அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலம். மகள் கணக்கில் கோட்டைவிட்டாள், மற்றதில் தேறிவிடுவாள்.

ஐந்து நாற்பதுக்கு என்ன மாத்திரை? டயாலிசிஸ் அன்று காலையில் பிரஷர் மாத்திரையைக்கூடச் சிலருக்கு நிறுத்தி வைப்பார்கள். யார் எழுதிக் கொடுத்தது?

தம்பி

*

மார்ச் 12

அக்காவுக்கு,

நலமா? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். தபாலில் தொலைந்ததா, இல்லை வீட்டிலேயே தொலைந்ததா?

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

மருத்துவமனை நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

பதினொன்றாம் தேதி அத்தானைச் சேர்த்துவிட்டார்கள். மெஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பல் கிட்டிப்போய் நாற்காலியே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். பிரஷர் விழுந்துவிட்டது. கண்ணாடி சிஸ்டர் ஓடி வந்து மெஷினை நிறுத்தினாள். உடனே இரண்டு பாட்டிலில் ரத்தம் எடுத்தார்கள்.

நீ சொல்லும் அதே மெஷின் இங்கேயும் இருக்கிறது. ஐந்து நாளும் அது வாயே திறக்கவில்லை. எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு நாள் இறங்குகிறது, மறுநாள் நூற்றிரண்டு. டாக்டர் சின்ன வயதுப் பெண், சுறுசுறுப்பானவள். "பாட்டில்ல ஒண்ணும் இல்ல, உடம்பு மட்டும் இப்படிக் கொதிக்குது. எனக்குப் புரியலம்மா" என்று நேரடியாகவே சொல்கிறாள்.

அவர் இன்று இரண்டு வாய் சாப்பிட்டார். உன்னைக் கேட்டார்.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. பாட்டில் காரணமில்லாமல் சும்மா இருக்காது. இப்படி நடுங்குகிற ஆளின் ரத்தத்தில் ஒன்றுமே வளரவில்லை என்றால் எங்கள் லேபில் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஏதாவது உள்ளே போயிற்றா? ஒரு மாத்திரை போதும். ரத்தத்தோடு அந்த மருந்தும் பாட்டிலுக்குள் வந்துவிடும். கிருமி சாகாது, ஆனால் மயங்கிக் கிடக்கும். மெஷின் கத்தாது. நாங்களும் "ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போடுவோம்.

அந்த ஐந்து நாற்பது மாத்திரை என்ன? என் வீட்டுக்காரியையும் ஃபோனில் உன்னைக் கேட்கச் சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 26

தம்பி,

கடிதம் கிடைத்தது. மருந்துகளை ஒன்றரை நாள் நிறுத்திவைத்துத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை பன்னிரண்டு மணி நேரத்தில் மெஷின் கத்திவிட்டது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். தற்காலிகமாகத் தொடையில் ஒன்று.

டாக்டர் ரிப்போர்ட்டைக் காட்டினாள். மதிப்பெண் பட்டியல் மாதிரி இருக்கிறது. பதினான்கு மருந்தின் பெயர், எதிரே ஒரு எழுத்து. 'ஆர்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. 'எஸ்' என்றால் அடங்கும். பன்னிரண்டு 'ஆர்'. இத்தனை பேர் தோற்ற பட்டியலை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

தேறியது இரண்டு. ஒன்று சாதுவான மருந்து, ஆனால் 'எஸ்' பக்கத்தில் ஏதோ நட்சத்திரக் குறி. அதைத்தான் நேற்று தொடங்கினார்கள். இன்னொன்று ஊசி. அது காதைப் பாதிக்கலாம் என்கிறாள். பெயரைக் கேட்டேன். சின்ன வயதில் உனக்குப் போட்டதற்குச் சொந்தக்கார மருந்து.

நீ என்ன சொல்கிறாய்? இதில் உன்னைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

கேட்டதற்குப் பதில் முதலில். எனக்குக் காது போனது ஆறு வயதில். அந்த ஊசி போடாமலிருந்தால் ஏழு வயது வந்திருக்காது. அம்மா அதை நினைத்துச் சாகும்வரை அழுதாள், நான் ஒரு நாளும் அழவில்லை. இது போதுமா?

இப்போது நட்சத்திரக் குறி. கிருமி அந்த சாது மருந்துக்கு இன்னும் அடங்குகிறது, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று அர்த்தம். நோயாளி சமீபத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டதே இல்லை என்றால் துணிந்து கொடுக்கலாம். அதே குடும்பத்து மாத்திரையை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாப்பிட்டிருந்தால், கிருமி முதல் படி ஏறியாயிற்று. நாலு நாளில் இரண்டாம் படியும் ஏறிவிடும். தாளில் 'எஸ்' என்று இருக்கும், கட்டிலில் மருந்து தோற்கும்.

ஆகவே டாக்டர் எதைக் கொடுக்கவேண்டும் என்பது நீ சொல்லாத பதிலில் இருக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் செய்வதுதான், தெரியாத கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போகிற பிள்ளையைக் கண்டுபிடிப்பாய். உன்னை நானும் கண்டுபிடித்துவிட்டேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. இதைப் படித்ததும் எழுந்து போய் டாக்டரிடம் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டரிடம் சொன்ன பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் பழைய ஜியோமெட்ரி பெட்டி ஒன்றில் மீதி மாத்திரைகளைச் சேர்த்து வைப்பேன். என் பல் பிடுங்கியபோது மிஞ்சியவை, பக்கத்து வீட்டில் கொடுத்தவை, போன வருடம் அத்தானுக்குச் சிறுநீரில் கிருமி வந்தபோது மிஞ்சிய ஆறு. காகிதத்தின் பின்பக்கத்தைக்கூட வீணாக்காதவள், மருந்தை எறிவேனா? பிப்ரவரியில் அவருக்குக் குளிர் வந்ததும் அந்த ஆறில் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் தெளிவாக இருந்தார். நிறுத்திவிட்டேன். மறுபடி குளிர்ந்தது, மறுபடி ஒன்று.

பிறகு அவர்தான் கணக்குப் போட்டார். காய்ச்சல் மாத்திரை ஐந்து நாற்பதுக்குப் போட்டால் ஆறு ஐம்பத்தைந்துக்கு வாசலில் தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. ஐந்து ஐம்பதுக்குப் போட்டால் தொண்ணூற்றொன்பதரை. "வார்டுல போட்டா நான் திரும்பி வரமாட்டேன். நீ பாத்துக்கோ" என்றார். அதோடு ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தேன், உள்ளே இருப்பதை அது பார்த்துக்கொள்ளும் என்று. ஆறு தீர்ந்ததும் காலி அட்டையைக் கடையில் காட்டினேன். கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்து வாங்கிவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

பதினொன்றாம் தேதியும் ஐந்து நாற்பதுக்குக் கொடுத்தேன். அன்று ரத்தம் எடுக்கும்போதே டாக்டர் கேட்டாள்: "வீட்டுல வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களாம்மா?" சுற்றி நாலு நர்ஸ். "இல்லை" என்றேன். உன் மனைவி ஃபோனில் கேட்டபோதும் "அதெல்லாம் இல்லை" என்றேன். ஒருமுறை சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று உன் கடிதம் வந்ததும், தேதிவாரியாக ஒரு தாளில் எழுதினேன். பதினேழு நாள், பதினேழு மாத்திரை, நடுவே விட்ட நாட்கள். டாக்டரிடம் நீட்டினேன். மாத்திரை அந்தச் சாது மருந்தின் குடும்பமேதான். அத்தான் கட்டிலிலிருந்து, "அவள ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர். டைம் போட்டது நான். அவ டிக்கெட் கிழிச்சா, அவ்வளவுதான்" என்றார்.

"வண்டி எங்க போய் நிக்குதுன்னு பாத்தீங்களா சார்?" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம், "இதப் பதினொண்ணாந்தேதியே குடுத்திருந்தா..." என்றாள். தாளை அவர் கேஸ் சீட்டோடு சேர்த்துப் பின் குத்தினாள். சாது மருந்தை நிறுத்தி அன்று மாலையே ஊசியைத் தொடங்கினாள்.

கண்ணாடி சிஸ்டர் செய்தி கேட்டு மேலே வந்தாள். அவள்தான் என்னை உலுக்கிவிட்டாள். "என் தெர்மாமீட்டர ஏமாத்திட்டீங்களே சார். நான் உங்களுக்காக மட்டுமா வாசல்ல நிக்கிறேன்? பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கிறவங்களுக்கும் கழுத்துல குழாய் இருக்கு."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள். ஐந்து நாள் ஆகும்.

நான் அந்தக் கிருமிகளுக்கு மாதிரித் தேர்வு வைத்திருக்கிறேன், தம்பி. கேள்வித்தாளைத் தினம் ஒரு வரி காட்டினால் எந்த வகுப்பும் தேறிவிடும்.

அக்கா

*

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அத்தானின் காய்ச்சல் எண்ணைத் தினமும் குறித்து வை.

உன் உதாரணத்தில் ஒரு திருத்தம். கிருமி எதையும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கொஞ்சம் மருந்து பட்டால் பலவீனமானவை சாகும், பலமானவை பிழைக்கும், பிழைத்தவை பெருகும். மறுநாள் உன் வகுப்பில் இருப்பது முதல் மாணவனின் பிள்ளைகள் மட்டும். மற்றவர் இடமும் அவர்களுக்கே.

இன்னொன்று. அத்தனை 'ஆர்'களையும் நீயே உண்டாக்கியதாக நினைத்துக்கொள்ளாதே. பலவற்றுக்கு அடங்காத கிருமிகள் எங்கள் வார்டுகளிலேயே கைக்குக் கை போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் பங்கு பெரியது. உன் பங்கு அந்த நட்சத்திரக் குறி, மெஷின் கத்தாமல் வீணாய்ப் போன ஐந்து நாள், வாசலில் பொய் சொன்ன தெர்மாமீட்டர். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஊசி போடும் நாட்களில் காதுப் பரிசோதனை செய்யச் சொல். அத்தான் காதுக்குள் மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அன்றே டாக்டருக்குத் தெரியவேண்டும். அவர் சொல்லமாட்டார். நீதான் கேட்கவேண்டும். பதில் வரும்வரை கேள்.

தம்பி

*

மே 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தான் வீட்டில் இருக்கிறார். உன் முதுகு, உன் மகளின் கணக்கு இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன?

பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஐந்து நாளும் நான் டயாலிசிஸ் கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் போய், மூவரிடமும் நடந்ததை நானே சொன்னேன். ஒருவர் "போகட்டும் டீச்சர்" என்றார். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாமவரின் மனைவி, "எங்க வீட்டுக்காரருக்கும் நான் குடுத்திருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

ஊசி நாலு வாரம் போட்டார்கள். இரண்டு முறை எடுத்த ரத்தத்திலும் எதுவும் வளரவில்லை. இந்த முறை அதை நம்பலாம் என்று டாக்டர் சொன்னாள். கையிலேயே இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. கழுத்தில் தழும்பு மட்டும்.

மூன்றாவது வாரம் காதுக்குள் மணி அடித்தது. நான் நாலாவது முறை கேட்டபோது ஒப்புக்கொண்டார். அளவைக் குறைத்தார்கள். ஆனாலும் மெல்லிய ஓசைகள் இரண்டு காதிலும் போய்விட்டன. தெருக்கதவு மணி கேட்பதில்லை, பறவைச் சத்தம் கேட்பதில்லை. எதிரே நின்று பேசினால் புரிகிறது. நேற்று அவர் சன்னலைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஒரு குருவியும் வரலயா?" என்றார். மரம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. "வந்திருக்கு" என்றேன், அவர் முகத்துக்கு நேரே போய் நின்று.

அவர் மறுபடி சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "எத்தனை?" என்றார். எண்ணிச் சொன்னேன். பதினொன்று.

அன்புடன் அக்கா

*

கடிதங்கள் அவ்வளவுதான். படித்தவர்கள் இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயர், தேதி, எத்தனை என்று எழுதுங்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாகக் கொடுத்ததை முதலில் எழுதுங்கள். மடித்து மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, யாரும் கேட்பதற்கு முன்னால் அதை நீட்டுங்கள்.